தண்ணீர் குடிக்கப் பயந்தால் நீர்க்கடுப்பு தீராது

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதரை ஆகிவிடும். தீபாவளிக்கு அப்புறம் இதுவரை மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, எரிகிறது, போய்விட்டு வந்த உடனே மறுபடி போக வேண்டும்போல இருக்கிறது. மெடிக்கலில் சொன்னால் இரண்டு நாளைக்கு மாத்திரை தருகிறார்கள், நின்றுவிடுகிறது. ஆனால் மாத்திரை சாப்பிட்ட பிறகு வெள்ளைப்படுகிறது, அரிக்கவும் செய்கிறது. மாமியார் எல்லாம் உடம்புச் சூடு என்கிறார். கடையில் பாத்ரூம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போகணும், அவர் ஆண். அதனால் கடையில் நான் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தப் பாத்ரூமும் சுத்தமாக இருக்காது, அங்கிருந்துதான் தொற்று வந்ததோ என்று பயம். வீட்டுக்கு வந்ததும் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் உள்வரை கழுவுகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: வீட்டுக்காரரோடு இருந்த மறுநாள்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. நான் சுத்தமில்லாதவளா? கிட்னி, கர்ப்பப்பை கெட்டுவிடுமா? அடுத்த குழந்தைக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். கால் வேறு சாயங்காலம் வீங்கிவிடுகிறது.
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சுத்தமில்லாதவளா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. சொல்லப்போனால் நீங்கள் தேவைக்கு மேலேயே கழுவுகிறீர்கள். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், வருகிற சிறுநீரையும் அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். மாத்திரை வேண்டியதுதான், ஆனால் இந்தப் பழக்கம் மாறாதவரை மாத்திரை நிறுத்தியதும் தொந்தரவு திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் சிறுநீர்ப்பைத் தொற்று. இதற்குக் காரணமான கிருமி பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஈ.கோலை என்கிற ஒரே கிருமிதான். அது வெளியிலிருந்து வருவதில்லை, நம் எல்லோருடைய குடலிலும் எப்போதும் இருப்பது. அங்கே இருக்கிறவரை தொந்தரவு இல்லை. இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் போனால்தான் வினை. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அந்தக் குழாயின் வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கும் தூரமும் கொஞ்சம்தான். இந்த உடலமைப்பால்தான் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது கடைப் பாத்ரூம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பலருக்கும் இங்கேதான் குழப்பம். அசுத்தமான கழிப்பறைக்குப் போனதால் நீர்க்கடுப்பு வந்தது என்று நிறையப் பெண்கள் நம்புகிறார்கள். அது அப்படித் தொற்றுவதில்லை. கிருமி நம் உடம்பில் இருப்பதுதான், கழிப்பறைத் தரையிலிருந்து துள்ளிக் குதித்து உள்ளே போகாது. அசுத்தத்துக்குப் பயந்து போகாமல் இருப்பதுதான் ஆபத்து. கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் சுத்தமாக இல்லாத அன்றைக்கும் போய்விட்டு வாருங்கள்.

போகும்போது இன்னொன்று கவனியுங்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் பட்டுவிடக் கூடாது என்று பாதி நின்றபடி, அவசர அவசரமாக முடித்துவிட்டு வருகிறோம் அல்லவா? அப்படிப் போனால் அடிவயிற்றுத் தசைகள் தளர்வதில்லை, சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாவதும் இல்லை. மிச்சம் தங்கிவிடும். இந்தியன் டாய்லெட்டாக இருந்தால் நன்றாகக் குத்தவைத்து உட்காருங்கள். வெஸ்டர்னாக இருந்தால் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு அதன்மேல் உட்காருங்கள். முடிந்ததும் அரை நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு தடவை முயன்று பாருங்கள். நின்று போன மாதிரி இருந்தது இன்னும் கொஞ்சம் வரும்.

சிறுநீர்ப்பைக்கு இயற்கை வைத்திருக்கும் பெரிய பாதுகாப்பே இப்படி அடிக்கடி காலியாவதுதான். கிருமி ஒன்றிரண்டு உள்ளே ஏறினாலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்குள் சிறுநீர் அதை வெளியே தள்ளிவிடும். ஆய்வகத்தில், வசதியான சூழலில், ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். சிறுநீருக்குள் அந்த வேகம் இருக்காது என்றாலும், காலை ஒன்பதரைக்குப் போனவர் மதியம் ஒரு தரம், இரவு வீட்டில் ஒரு தரம் என்று போனால் அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். 150, 200 மில்லி சேரும்போதே சிறுநீர்ப்பை முதல் அறிவிப்பைக் கொடுத்துவிடும். நானூறு ஐந்நூறு வரை தாங்கும். முதல் அறிவிப்பை விட்டுவிட்டாலும் இரண்டாவதை விடாதீர்கள். கணக்குக்கு மூன்று மணி நேரம், அதிகம் போனால் நான்கு.

உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பங்குனி, சித்திரையில் வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி, மஞ்சளாகி, போகும்போது கடுக்கும். அது தொற்று அல்ல. நீர்மோர், இளநீர், பார்லித் தண்ணீர் என்று குடித்தால் அரை நாளில் சரியாகிவிடும். பெரியவர்கள் பார்த்துப் பழகியது அந்தக் கடுப்பைத்தான். உங்களுக்கு இருப்பது வேறு. மறுபடி மறுபடி போகத் தோன்றுவது, சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்று வலி, கலங்கலான அல்லது இரத்தம் கலந்த சிறுநீர் என்று ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் அதைச் சூடு என்று விட்டுவைக்கக் கூடாது. தொப்புளில் நல்லெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு எல்லாம் மாமியார் திருப்திக்குச் செய்துகொள்ளுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த தடவை ஆரம்பித்தால், முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சாதாரண யூரின் டெஸ்ட் மட்டும் போதாது, யூரின் கல்ச்சர் என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்தாலே அது திரும்பத் திரும்ப வரும் தொற்று என்ற கணக்கில் சேரும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்லும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஒரு மருந்தை ஆரம்பித்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் வேண்டுமானால் மாற்றுவார். சிறுநீர் பிடிக்கும்போது முதலில் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதைத்தான் அந்தச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் சீக்கிரம் லேபில் கொடுத்துவிடுங்கள். காலையில் வீட்டில் பிடித்து மதியம்வரை பையில் வைத்திருந்து கொடுத்தால் அதற்குள் கிருமி பெருகி, ரிசல்ட்டே தப்பாக வரும்.

கூடவே இரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 29 வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள், நம் ஊரில் அந்த வயதிலும் வருகிறது. சர்க்கரை கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்றும் விடாது, அரிப்பும் விடாது. தொற்று இல்லாத நாளிலும் சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, முதுகோரம் வலி விட்டு விட்டு வந்தாலோ கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்ப்பது நல்லது.

மெடிக்கலில் தரும் மாத்திரையைப் பற்றி இனிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். கடைக்காரர் எந்த மாத்திரை கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நார்பிளாக்சசின் அல்லது சிப்ரோபிளாக்சசின் வகையாக இருக்கும், அதுதான் வழக்கம். நம் நாட்டில் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி இப்போது அந்த வகைக்கு அடங்குவதில்லை. இரண்டு நாள் போட்டு, எரிச்சல் குறைந்ததும் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகும். இன்றைக்குச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது நைட்ரோபியூரன்டாயின். சாதாரணமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு போட வேண்டும். சிறுநீர் பழுப்பு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். இன்னொன்று பாஸ்போமைசின், தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடிக்கிற பொடி. பெயரைச் சொல்லிவிட்டேன் என்று நீங்களே போய்க் கேட்டு வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கு எது என்பதைக் கல்ச்சரும், நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா இல்லையா என்பதும், வேறு நோய் இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எரிச்சலுக்கு என்று ஒரு இனிப்புப் புளிப்பு சிரப் தருவார்களே, அது சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும். கிருமியைக் கொல்லாது. அதைக் குடித்ததும் சுகமாக இருக்கிறது என்று வைத்தியம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். நைட்ரோபியூரன்டாயின் சாப்பிடும்போது அந்தச் சிரப் அதன் வேலையைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்யும். ஆகவே என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் ஆரம்பித்து விடிவதற்குள் தாங்க முடியவில்லை என்றால் ஒரு பாராசிட்டமால், அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, நிறையத் தண்ணீர். காலையில் டாக்டர்.

அடுத்தது, மாத்திரை சாப்பிட்ட பிறகு வெள்ளைப்படுவதும் அரிப்பும். இது தனி நோய் இல்லை, அந்த மாத்திரையின் பின்விளைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறப்புறுப்புக்குள் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் குடும்பம்தான். அவை அமிலத்தைச் சுரந்து மற்ற கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கும். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது அவையும் சேர்ந்து செத்துப்போகின்றன. அந்தச் சமயம் பார்த்துப் பூஞ்சை வளர்கிறது. திரிந்த பால்போலத் திட்டுத் திட்டாக, வாடை அதிகம் இல்லாமல், அரிப்போடு வந்தால் அது பூஞ்சை. அதற்குத் தனி மருந்து இருக்கிறது, சில நாளில் அடங்கிவிடும். மீன் வாடையோடு நீர்த்துச் சாம்பல் நிறமாக வந்தால் வேறு. பச்சை கலந்த மஞ்சளாக நுரைத்து வந்தால் அது இன்னும் வேறு, அதற்குக் கணவனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு முறை டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வகை மாத்திரை ஒரே அட்டையில் போட்டு மெடிக்கலில் விற்பார்கள், அதை இப்படிக் குத்துமதிப்பாக விழுங்க வேண்டாம். அரிப்புக்கு என்று தரும் க்ரீமும் அப்படித்தான். பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் அரிப்பு அடங்கும், தோல் மெலியும், பூஞ்சை உள்ளுக்குள் படரும்.

அரிப்பும் வாடையும் இல்லாமல், மாதவிடாய்க்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக வருவது நோயே இல்லை. சினை முட்டை வெளிவரும் நாட்களில் அப்படித்தான் இருக்கும். வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிவிடும், உடம்பு இளைத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். எலும்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வெள்ளைப்படுவதால் அசதியாக இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்தால் பலருக்கு ஒன்பது, பத்து என்றுதான் இருக்கிறது. அசதிக்குக் காரணம் இரத்தசோகை, பழி வெள்ளைப்படுதல் மேல். நீங்களும் இரத்தம் கொடுக்கும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

கிருமிநாசினியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது, மெல்லிய தோலையும் எரித்துவிடும். பிறப்புறுப்பின் உள்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். வெளிப்புறத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதும், வேண்டுமானால் குளிக்கும்போது லேசாகச் சோப்பு. பெண்களுக்கென்றே விலை கூடிய வாசனைத் திரவங்கள் விளம்பரத்தில் வருகின்றன. அந்தக் காசுக்கு நல்ல பருத்தி உள்ளாடை நாலைந்து வாங்கலாம். மலம் கழித்த பிறகு கழுவும்போது கை முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். பின்னாலிருந்து முன்னால் இழுத்துக் கழுவும் பழக்கம் நம்மில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவே கிருமிக்கு வழி போட்டுக் கொடுக்கும். வீட்டில் பெண் குழந்தை இருக்கிறவர்கள் இதை இப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம். மாதவிடாய் நாளில் பாத்ரூம் போக முடியாது என்று இரண்டு நாப்கினை அடுக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். அதுவும் வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் ஆறு.

வீட்டுக்காரரோடு இருந்த மறுநாள் ஆரம்பிக்கிறது என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியது நல்லதாகப் போயிற்று, எனக்கு அது முக்கியமான தகவல். உறவின்போது ஏற்படும் உராய்வில் வெளியே இருக்கும் கிருமி அந்தச் சின்னக் குழாய்க்குள் தள்ளப்படுகிறது. அவ்வளவுதான் விஷயம். அவரிடமிருந்து ஏதோ ஒட்டியது என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. நீர்க்கடுப்புக்கு அவர் மருந்து சாப்பிடவும் வேண்டாம். முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் எழுந்து போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். கருத்தடைக்கு விந்தணுவைக் கொல்லும் மருந்து கலந்த உறையோ ஜெல்லோ பயன்படுத்தினால் அதுவும் தொற்றைக் கூட்டும், மாற்றிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு தடவையும் வருகிறது என்றால், உறவுக்குப் பின் ஒரே ஒரு மாத்திரை என்று சில மாதங்களுக்குத் தரும் முறை இருக்கிறது. அது டாக்டர் பார்த்து முடிவு செய்வது. எரிச்சல் இருக்கிற நாளில் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரே படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தண்ணீருக்கு வருவோம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. பல்கேரியாவில், உங்களைப் போலவே அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில், கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. மருந்தே இல்லாமல், வெறும் தண்ணீரில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. கிரான்பெரி சாறு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது நம் ஊர்ப் பழமும் இல்லை, பாட்டிலில் வருவதில் பெரும்பாலும் சர்க்கரைதான். மதுரைக்காரருக்கு அது எதற்கு?

உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி ஒரு ஏற்பாடு சொல்கிறேன். எழுந்ததும் இரண்டு தம்ளர் குடித்துவிடுங்கள். அது கடைக்குக் கிளம்புவதற்குள் வெளியே வந்துவிடும், கிளம்பும் முன் கட்டாயம் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். கடையில் ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் அவசரம் தாங்காது. ஒரு லிட்டர் பாட்டிலைக் கல்லாவுக்குக் கீழேயோ மடிப்பு மேசைக்கு அடியிலோ வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து மாலைக்குள் முடியுங்கள். ஏசியில் நிற்பதால் தாகம் தெரியாது, அதனால் தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பதினொன்றரைக்கு ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன், நாலரை வாக்கில், இரவு கூட்டம் ஏறுவதற்கு முன் ஏழுக்கு என்று நாலு தடவை பாத்ரூம். வீட்டுக்கு வந்து இன்னும் அரை லிட்டர். மொத்தம் ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகிவிடும். சிறுநீர் வெளிறிய மஞ்சளில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். காபி, டீயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொற்று இருக்கும் நாட்களில் அவற்றைக் குறைத்தால் எரிச்சலும் குறையும்.

சொல்வது சுலபம், சூப்பர்வைசர் விட வேண்டுமே என்பீர்கள். எனக்கும் தெரியும். பிரச்சினையில் பாதி உங்கள் உடம்பில் இல்லை, அந்த மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடைகளில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இருக்கை வசதி கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே 2018-இல் கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கே அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் திரட்டிப் பல வருடம் போராடினார். அவர்கள் முதலில் எழுப்பிய பிரச்சினையே உட்காருவது அல்ல, கழிப்பறைதான். பாத்ரூம் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள், உங்களைப் போலவே.

நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேலை முக்கியம். உங்கள் பிரிவில் உள்ள மற்றப் பெண்களிடம் பேசிப் பாருங்கள். நாலு பேருக்காவது இதே நீர்க்கடுப்பு இருக்கும். சேர்ந்து போய் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெண் அதிகாரியிடமோ முதலாளி வீட்டம்மாவிடமோ, ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கச் சொல்லாமல் ஆளுக்கு ஆள் மாற்றி விட்டுப் போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது ‘மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டும், அடக்கக் கூடாது’ என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன், மற்ற டாக்டர்களும் தயங்காமல் எழுத வேண்டும். வாயால் சொன்னால் முகம் சுளிக்கிற சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார். எதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மாவட்டந்தோறும் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையர் இருக்கிறார், அங்கே புகார் கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) என்று ஏதாவது பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். அந்த அட்டை இருந்தால் டாக்டர், பரிசோதனை, மருந்து எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். மதுரையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் பெரியாஸ்பத்திரியில் கல்ச்சர் பார்த்துவிடலாம்.

கிட்னி கெட்டுவிடுமா என்றால், சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றைச் சரியாக வைத்தியம் பார்த்தால் கிட்னிக்குச் சேதம் வராது. ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகோரம் வலி, வாந்தி, இவற்றில் எது வந்தாலும் தொற்று மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லீவு கிடைக்குமா, நாளைக்குப் பார்க்கலாமா என்று யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் வழி வேறு வேறு. இந்தத் தொற்றால் கர்ப்பப்பை கெடாது, குழந்தை தங்காமலும் போகாது.

கால் வீக்கம் நின்றுகொண்டே இருப்பதால் வருவது. நிற்கும் இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், அரை மணிக்கு ஒரு தரம் இருபது முறை. கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போது தேங்கிய இரத்தம் மேலே ஏறும். இரவில் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி ஒரு பதினைந்து நிமிடம் படுங்கள். நரம்பு புடைத்துச் சுருண்டு தெரிந்தால் அதற்கான இறுக்கமான காலுறை இருக்கிறது, டாக்டர் அளவு பார்த்துச் சொல்வார். ஒரே காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

அடுத்த குழந்தை விஷயம். முதலில் இந்தத் தொற்றையும் பூஞ்சையையும் முழுக்கத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஹீமோகுளோபினையும் தேற்றுங்கள். முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்பே போலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். அந்த மாதங்களில் நீர்க்கடுப்பு வந்தால், மாத்திரை வாங்கும் முன் குழந்தைக்குப் பார்க்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சில மருந்துகளைத் தவிர்ப்பார். கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே, எரிச்சல் எதுவும் இல்லாவிட்டாலும், யூரின் கல்ச்சர் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கலாம், விட்டுவிட்டால் கிட்னிவரை ஏறி, குறைமாதப் பிரசவத்தில்கூடக் கொண்டுபோய் விடலாம். உங்களுக்கு முன்பே பல தடவை வந்திருப்பதால் அந்த டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.